வண்டலூருக்குப் புறப்படுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறையில் குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வதென்று தாங்கள் வாசகர்களைக் கேட்டிருந்தபடியால், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் பேரனுடன் பலமுறை சென்று வந்தவன் என்ற ஹோதாவில் இரண்டொரு வார்த்தை எழுதத் துணிகிறேன்.

1855-ஆம் ஆண்டில் பால்ஃபர் துரையால் எழும்பூர்ப் பொருட்காட்சி சாலை வளாகத்தில் தொடங்கப்பெற்று, பின்னர் மூர் மார்க்கெட்டுக்கு அருகில் நெடுங்காலம் இருந்து, 1985-இல் வண்டலூருக்குப் பெயர்ந்த அம்மிருகக்காட்சி சாலையை, ‘உயிர்க் காலேஜ்’ என்று பழைய பட்டணவாசிகள் அழைத்த அந்தச் சிறிய இடமாகவே இன்னமும் மனத்தில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சாவதானமாகப் புறப்படுவதுதான் என் போன்ற கிழவர்கள் செய்யும் பிழை. இன்றைய பூங்காவின் விஸ்தீரணமோ 602 ஹெக்டேர்! வெயில் ஏறிவிட்டால் புலியும் கரடியும் நிழலில் ஒதுங்கி நித்திரை கொள்ளும் சுபாவமுடையவை. ஆகையால் காலை 9 மணிக்கு வாயில் திறக்கும்போதே அங்கு இருப்பது உசிதம்.

செங்கற்பட்டு மார்க்கமாகச் செல்லும் மின்சார ரயிலில் வண்டலூரில் இறங்கலாம். முதியோர் பாட்டரி வண்டியில் ஏறிக்கொள்வதில் லஜ்ஜைப்பட வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை விசாரியாமல் ஒருமுறை நான் சென்று, பூட்டிய வாயிலைத் தரிசித்துத் திரும்பினேன். பேரன் இதனை இன்றளவும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இங்ஙனம்,
தாம்பரத்து வாசகன்