மலிவுப் பதிப்பும் பூட்டிய அறைகளும்

பதிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் இலக்கியம் பயின்றோர் நினைவில் எழுவது நூலே. முதற்பதிப்பு, திருத்திய பதிப்பு, நூலகப் பதிப்பு, மலிவுப் பதிப்பு என அதற்குப் பல முகங்கள் உண்டு. இன்று அதே சொல் கணினிக் கடைக்காரர் வாயிலும் புழங்குகிறது. ஆண்டிபட்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் மடிக்கணினி வாங்கத் தேனிக்கோ மதுரைக்கோ கிளம்பும்முன் தமிழாசிரியராகிய எம்மிடமும் கேட்பதுண்டு: “ஐயா, ஹோம் எடிஷன் போதுமா, புரொஃபஷனல் வாங்கணுமா?” கணினி அறிவியல் படித்தவர்கள் இருக்க, இக்கேள்வி தமிழ்த்துறைக்கு ஏன் வரவேண்டும் என்று தோன்றலாம். வாங்குபவர் நம் மாணவர். பணம் தருவது பல வீடுகளில் தறியை நம்பி வாழும் பெற்றோர். அத்துடன், இந்தத் தேர்வுக்குள் தமிழும் சிக்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். விண்டோஸ் 95, 98, எம்.இ. ஆகியவை வீட்டுக்கென வந்த ஒரு குடும்பம். என்.டி., 2000 ஆகியவை அலுவலகத்துக்கென வந்த வேறொரு குடும்பம். அன்று இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு மெய்யானது; அடித்தளமே வேறு. வீட்டுக் குடும்பம் டாஸ் மரபின் மேல் எழுந்தது; அடிக்கடி உறைந்து நிற்கும். அலுவலகக் குடும்பம் உறுதியானது; விலை மிகுந்தது. 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்த எக்ஸ்பி இவ்விரு குடும்பங்களையும் ஒன்றாக்கியது. ஒரே அடித்தளம், ஒரே கட்டடம். ஆனால் ஹோம், புரொஃபஷனல் என இரண்டு பெயர்ப்பலகைகள். அமெரிக்காவில் முழுப்பதிப்பாக வாங்கினால் முன்னதற்கு 199 டாலர், பின்னதற்கு 299 டாலர்.

அன்று தொடங்கிய முறையே இன்றைய விண்டோஸ் 11 வரை தொடர்கிறது. ஹோம் வைத்திருப்பவர் பணம் கட்டி ஓர் உரிமக் குறியீட்டைப் பெற்று உள்ளிட்டால் சில நிமிடங்களில் அது புரொஃபஷனல் ஆகிவிடுகிறது. எல்லா அறைகளும் முன்பே கட்டப்பட்டுள்ளன; சிலவற்றுக்குப் பூட்டு. கூடுதல் விலை சாவிக்குத்தான்.

இங்கே நம் பதிப்புலக வரலாற்றை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மர்ரே எஸ். ராஜம் 1950களில் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து, எளியவர் வாங்கும் விலைக்கு வெளியிட்டார். தாளிலும் கட்டமைப்பிலும் சிக்கனம் உண்டு. பாடலில் சிக்கனம் இல்லை. கற்றறிந்த குழு ஒன்று பாடம் பார்த்துச் செப்பம் செய்த நூல்கள் அவை. மலிவுப் பதிப்பு வாங்கினவர் ஒரு பாடலும் குறையாமல் படித்தார். மென்பொருளுலகின் மலிவுப் பதிப்போ வேறு வகை. எல்லா இயல்களையும் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டு, சில இயல்களின் ஏடுகளை ஒட்டிவைத்துவிடுகிறது. கிழித்துப் பார்க்கத் தனிக்கட்டணம்.

சரி, ஒட்டிய ஏடுகளில் இருப்பதென்ன? அலுவலக வலையமைப்பின் டொமைனில் கணினியைச் சேர்ப்பது. நூறு கணினிகளை ஓரிடத்திலிருந்து ஆளும் குழுக் கொள்கை. வேறிடத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியே நம் கணினிக்குள் நுழைவது. வட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் பிட்லாக்கரின் முழு வசதி. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் ஹைப்பர்-வி. இவற்றுள் ஒரு மாணவருக்கு அன்றாடம் வேண்டியது எது? அநேகமாக எதுவுமில்லை. பிறர் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய ஹோம் பதிப்பே இடம் தருகிறது. தன் கணினிக்குள் பிறரை அனுமதிக்கத்தான் புரொஃபஷனல் வேண்டும். வட்டை மறைகுறியாக்கும் எளிய வசதியும் இன்றைய தகுதியுள்ள எந்திரங்களில் ஹோம் பதிப்பிலேயே கிடைக்கிறது. பல நேரங்களில் தானாகவே இயங்கிவிடுகிறது. அதன் மீட்புக் குறியீடு எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டுள்ளது என்று அறிந்து, ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் மூன்றாண்டு ஆய்வேடு ஒருநாள் திறவாக் கதவுக்குப் பின்னே நின்றுவிடும். இந்த எச்சரிக்கை இரு பதிப்பினருக்கும் பொது.

நினைவகத்தைப் பற்றியும் கடையில் ஒரு பேச்சு உண்டு. ஹோம் 128 ஜிபி வரை ஏற்கும். புரொஃபஷனல் 2 டெராபைட் வரை ஏற்கும். நம் மாணவர் வாங்குவது 8 ஜிபி, மிஞ்சினால் 16. ஆகவே இந்த வேறுபாடு காகிதத்தில் மட்டும் உள்ளது. வேகத்திலும் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. ‘புரொஃபஷனல் போட்டால் வேகமாக ஓடும்’ என்பது கடைத்தெரு நம்பிக்கை. பதிப்புக்குத் தரும் பணத்தை நினைவகத்துக்கும் எஸ்எஸ்டி வட்டுக்கும் தந்தால் வேகம் கண்ணுக்குத் தெரியும்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஹோம் என்றால் வீடு. புரொஃபஷனல் என்றால் தொழில். வீட்டில் தொழில் இல்லை, தொழிலிடத்தில் வீடு இல்லை என்று எண்ணும் ஊரில் பிறந்த பெயர்கள் இவை. ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் அந்தக் கோடு எங்கே விழும்? தறிச்சத்தம் கேட்கும் சுவருக்கு இப்பக்கம் அடுப்பு. அப்பக்கம் பிள்ளையின் பாடப்புத்தகம். அந்த வீட்டுக் கணினியில் காலையில் நூல் வரவும் கூலிக்கணக்கும், மாலையில் பிள்ளையின் ஒப்படைப்பு, இரவில் படம். இது எந்தப் பதிப்பு? மின்கட்டணம் வகுத்த அரசுக்குக்கூட இந்தச் சிக்கல் புரிந்திருக்கிறது. வீடு என்றும் தொழிற்கூடம் என்றும் இரண்டாக மட்டும் பிரிக்காமல் நெசவாளரைத் தனியே எண்ணியது. 2023இல் கைத்தறியாளர்க்கு இரு மாதத்துக்கு 200 அலகாக இருந்த கட்டணமில்லா மின்சாரத்தை 300 ஆகவும், விசைத்தறியாளர்க்கு 750இலிருந்து 1000 ஆகவும் உயர்த்தியது. மென்பொருள் நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் அத்தகைய நுட்பம் இல்லை. எனவே ‘எங்கள் வீட்டில் தொழில் நடக்கிறது, அப்படியானால் புரொஃபஷனல்தானே’ என்று பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு வீட்டுத் தொழிலின் கணக்கு வழக்குக்கு ஹோம் போதும்.

இதுவரை சொன்னதைக் கணினி அறிந்த எவரும் சொல்வர். இனி வருவது தமிழாசிரியர் சொல்ல வேண்டியது.

தமிழ் விண்டோஸுக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பது சுவையான வரலாறு. யூனிகோடு தமிழை இயங்குதளத்தின் உள்ளேயே கொண்டு வந்தது 2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000. லதா என்ற எழுத்துரு அதனுடன் வந்தது. அதுவோ அலுவலகக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது தமிழ் முதலில் அலுவலக வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. வீடுகளில் 98 வைத்திருந்தோர் தகுதரம், தாப் எனக் குறியீட்டுக்கொரு எழுத்துருவைத் தேடித் தரவிறக்கி அல்லாடிய காலம் அது. எக்ஸ்பி வந்தபின்தான் வீட்டுப் பதிப்பிலும் தமிழ் குடியேறியது. அப்போதும் குறுவட்டை உள்ளிட்டு, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய தலைமுறைக்கு அந்தச் சடங்கு மறந்திராது.

இன்று எல்லாப் பதிப்பிலும் தமிழைப் படிக்கலாம், தட்டச்சலாம். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. அதில் குறையில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது வெறும் ஹோம் பதிப்பு அன்று. ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’, அதாவது ஒருமொழிப் பதிப்பு. பெட்டியின் மேல் சிறிய எழுத்தில் ‘எஸ்.எல்.’ என்றும் இருக்கும். இதில் திரை மொழி ஒன்றுதான்; வாங்கும்போது ஆங்கிலம் என்றால் ஆங்கிலமே. பட்டியல்களையும் அறிவிப்புகளையும் தமிழில் காண விரும்பி மொழியைச் சேர்க்கப் போனால், உமது உரிமத்துக்கு ஒரு திரை மொழி மட்டுமே என்று மறுமொழி வருகிறது. தமிழ் இடைமுகத்தை உருவாக்கி வைத்திருப்பதும் அதே நிறுவனம்; அது கட்டணமின்றிக் கிடைப்பதும் உண்மை. ஆனால் இந்தப் பதிப்பினருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. திறக்க வழி உண்டா எனில், உண்டு: பணம் கட்டிப் புரொஃபஷனலுக்கு மாற வேண்டும்.

ஆக, டொமைனும் குழுக் கொள்கையும் வேண்டாத ஒரு நெசவாளர் குடும்பம் புரொஃபஷனல் வாங்க நேர்மையான காரணம் ஒன்று உண்டென்றால், அது தம் வீட்டுக் கணினி தம் மொழியில் பேச வேண்டும் என்பதே. தாய்மொழியைத் தொழில்முறை வசதிகளின் பட்டியலில் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். வீட்டுப் பதிப்பில் வீட்டு மொழிக்கு இடமில்லை. இருபத்திரண்டு மொழிகளை அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் வைத்திருக்கும் நாட்டில் ஒருமொழிப் பதிப்பு பரவலாக விற்கிறது. நாமும் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம்.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவோம். ‘தமிழ்ப் பட்டியலை யார் பார்க்கிறார்கள்? மொழிபெயர்ப்பு கடினமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் பழகினால்தான் வேலைக்கு உதவும்’ என்று மாணவரே சொல்வர். மொழிபெயர்ப்பில் செம்மை போதவில்லை என்பதும், அது முழுமையடையவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பயன்படுத்துவோர் பெருகாமல் மொழிபெயர்ப்பு செம்மையாவது எங்ஙனம்? மாணவர் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளட்டும். அதே கணினியில் கணக்குப் பார்க்க அமரும் தாய்க்கு, ‘நீக்கவா, சேமிக்கவா’ என்ற கேள்வி புரியும் மொழியில் வரவேண்டாமா? ஒரே எந்திரத்தில் ஒவ்வொருவர் கணக்குக்கும் வெவ்வேறு திரை மொழி வைக்க இயங்குதளத்தில் வழி இருக்கிறது. ஒருமொழி உரிமம் அதைத்தான் தடுக்கிறது. விரும்பாதவர் விட்டுவிடலாம், விரும்புகிறவருக்கு வாய்ப்பே இல்லை என்பதுதான் நம் முறையீடு.

அரசு வாங்கும்போது இக்கேள்விக்கு எடை கூடுகிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது வந்த எந்திரங்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஸ்டார்ட்டர் என்பது ஹோமுக்கும் கீழ்ப்படி. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற அது விடவில்லை. முதல் கணினியைத் தொட்ட பிள்ளைகளுக்கு ஏட்டில் பாதி ஒட்டிய நூல்தான் கிடைத்தது. 2025–26 வரவுசெலவுத் திட்டத்தில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்றும், முதற்கட்டமாக 2000 கோடி ரூபாய் என்றும் அறிவிப்பு வந்தது. இத்தனை பெரிய எண்ணிக்கையில் வாங்குபவர் சொல்லுக்கு விற்பவர் செவிசாய்த்தே ஆகவேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் நினைவகத்தையும் திரை அளவையும் எழுதுகிறவர்கள் ‘திரை மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க இயலும் பதிப்பு’ என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? தமிழில் கையொப்பமிட ஆணையிடும் அரசுக்கு இது பெரிய வேலையன்று.

பதிப்பு வேறுபாடு எதற்கும் உதவாத நாளும் ஒன்று உண்டு. எக்ஸ்பி ஹோமும் எக்ஸ்பி புரொஃபஷனலும் 2014 ஏப்ரல் 8 அன்று ஒன்றாகவே கைவிடப்பட்டன. விண்டோஸ் 10இன் ஹோம், புரொஃபஷனல் பதிப்புகளுக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று ஒன்றாக முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் புதிய செயலியும் பாதுகாப்புச் சில்லும் பழைய மடிக்கணினிகளில் இல்லை. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடவேண்டும் என்பதில்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ, அது அடித்தளமாகக் கொண்ட டெபியனோ அவற்றில் நன்றாக ஓடும். அங்கே வீட்டுக்கொன்று தொழிலுக்கொன்று என்ற பூட்டு இல்லை. திரை மொழிக்கும் தடையில்லை. அவற்றின் தமிழாக்கத்தில் ஊதியமின்றி உழைத்த தன்னார்வலர் பலர் நம் இணைய உலகிலிருந்தே எழுந்தவர்கள்.

எனவே எம் மாணவருக்கு நாம் சொல்லும் விடை இது. தனியொருவராக வாங்கினால் புரொஃபஷனலுக்குப் பணம் தராதீர். கல்லூரி ஆய்வகத்துக்கோ பல கணினிகளை ஓரிடத்திலிருந்து ஆளும் அலுவலகத்துக்கோ என்றால் அது வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கெனத் தனியே கல்விப் பதிப்பும் உண்டு என்பதை நிர்வாகம் கேட்டறியட்டும். கடையில் பெட்டியைப் பிரிக்கும்முன் ‘ஹோமா, புரொஃபஷனலா’ என்பதோடு ‘இது ஒருமொழிப் பதிப்பா’ என்றும் கேளுங்கள். முன்பே வாங்கியவர்கள் அமைப்புகளில் ‘சிஸ்டம்’, ‘அபௌட்’ என்று போய்ப் பார்த்தால் பெயர் முழுதாகத் தெரியும். கடைக்காரருக்கு விடை தெரியாமல் போகலாம், பரவாயில்லை. நாலு பேர் கேட்டால் ஐந்தாமவர் வருமுன் அவர் தெரிந்து வைத்திருப்பார். ஐம்பது பேர் கேட்டால் அது அவருக்குச் சரக்கு அனுப்புகிறவர் காதுக்கும் எட்டும்.