கடைசிப் பக்கத்தில் ஓர் ஆண்

பாஸ்போர்ட்டின் முன்பக்கத்தில் நாம் இருக்கிறோம்: முகம், பெயர், பிறந்த ஊர், கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் நம் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்: அப்பா, அம்மா, கணவர். விமான நிலையத்து இயந்திரம் படிப்பது முன்பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைத்தான். எல்லையைக் கடக்கக் கடைசிப் பக்கம் அநேகமாகத் தேவைப்படுவதே இல்லை. பிறகு எதற்காக அது இருக்கிறது? இந்தப் பெண் யாருடைய பொறுப்பு என்று எழுதிவைக்க.

நான் சொல்வது மிகை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2018 ஜனவரியில் வெளியுறவுத் துறையே கடைசிப் பக்கத்தை இனி அச்சிடப்போவதில்லை என்று அறிவித்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள், அப்பா பெயர் வேண்டாம் என்றவர்கள், தத்துப் பிள்ளைகள் இவர்களுடைய சிக்கல்களை ஒரு குழு ஆராய்ந்து சொன்னதன்பேரில் வந்த முடிவு அது. ஆனால் அதே அறிவிப்பில், பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளர்களுக்கு ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் என்ற கேவலத்தையும் சேர்த்துவைத்தார்கள். ஏழையை நிறத்தால் பிரிக்காதே என்று எதிர்ப்புக் கிளம்பியது. மாதம் முடிவதற்குள் இரண்டு முடிவுகளையும் திரும்பப் பெற்றார்கள். ஆரஞ்சு நிறம் ஒழிந்தது நியாயம். அதோடு சேர்ந்து கடைசிப் பக்கம் தப்பிப் பிழைத்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது தூத்துக்குடிக்கு வருகிறேன். பத்து வருடம் முடிந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி சேவா கேந்திராவுக்குப் பஸ் ஏறும் பெண்களில் குவைத்துக்குப் போகும் நர்ஸ் உண்டு, மேற்படிப்புக்குப் போகும் மாணவி உண்டு, கப்பல்காரக் கணவனோடு சிங்கப்பூரில் குடியேறப்போகிறவள் உண்டு. விண்ணப்பத்தைப் பெரும்பாலும் ஏதோ ஒரு டிராவல்ஸ் கடையில்தான் நிரப்புகிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி, கேட்காமலே ஓர் ஆலோசனை சொல்வான்: "யக்கா, புதுப்பிக்கிறதுதான் புதுப்பிக்கீங்க, அப்படியே அண்ணன் பேரைச் சர்நேம்ல போட்டுருவோம். பொறவு அலைய வேண்டாம்லா."

இந்தச் சர்நேம் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சாதிப் பட்டம் இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதை விடச் சொன்னது, பெருமளவுக்கு விட்டோம். உலகமே பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய காரியம். ஆனால் காலியான இடத்தில் இனிஷியல் வந்து உட்கார்ந்தது. பெண்ணுக்கு முதலில் அப்பாவின் எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு கணவனின் எழுத்து. பாஸ்போர்ட் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுது என்கும். மு. செல்வி என்று ஒருத்தி இருந்தால் அவள் செல்வி முருகன் ஆகிறாள். வெளிநாட்டு விமான நிலையத்தில் அவளை "மிஸ் முருகன்" என்று கூப்பிடுகிறார்கள். அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கிறாள். கல்யாணமான பிறகு பால்ராஜைக் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் கடற்கரையில் மட்டும் குடும்பப் பெயர் உண்டே என்று சொல்வீர்கள். உண்டு. பர்னாந்து, மச்சாது, கொரைரா, ரொட்ரிகோ, மோத்தா. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துகீசியரிடமிருந்து வந்த பெயர்கள். பட்டங்கட்டியிலிருந்து சங்கு குளிப்பவன்வரை ஆண் வாங்கிய பெயர், ஆண் வழியாக இறங்கிய பெயர். பர்னாந்தாகப் பிறந்தவள் மச்சாதுவைக் கட்டினால் மறுநாளே மச்சாது. லிஸ்பனிலிருந்து வந்தாலும் ஈரோட்டிலிருந்து வந்தாலும் பெண்ணின் பெயருக்கு ஒரே விதிதான்.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, பார்வையாளர் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்றது. பின்னர், அப்பா பெயரோ குடும்பப் பெயரோ வேறொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. கடைசிப் பக்கத்துக்கு ஒரு பயன் உண்டு என்றால் இதைச் சொல்லலாம். அதற்கும் கணவன் பெயர் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஊரில் இந்தச் செய்தி எப்படிப் பரவியது? "புருசன் பேரு இல்லாட்டி துபாய்க்கு விடமாட்டான்" என்று பரவியது.

அந்தத் தம்பியின் ஆலோசனைக்குப் பின்னால் எந்தச் சட்டமும் இல்லை. திருமணமான பெண் பெயர் மாற்ற வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. மாற்றினால் வரும் தொல்லையைத்தான் அவன் சொல்வதில்லை. நர்சிங் பட்டம் அப்பா பெயரில், கவுன்சில் பதிவு அப்பா பெயரில், பாஸ்போர்ட் கணவன் பெயரில். வளைகுடா மருத்துவமனைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து நிரூபிக்க வேண்டும். தன்னைத் தானே நிரூபிப்பது! கணவனுடைய விசாவில் சேர்ந்து போகிறவளுக்கும் கல்யாணச் சான்றிதழ்தான் ஆதாரம். பெயரின் வாலில் அவன் தொங்க வேண்டியதில்லை.

"ஆணின் பாஸ்போர்ட்டிலும்தான் மனைவி பெயர் இருக்கிறது" என்று வகுப்பில் ஒரு மாணவர் சொன்னார். இருக்கிறது. அதைப் புதுப்பிக்க மனைவியின் கையெழுத்தை யாராவது கேட்டார்களா?

பெண்ணிடம் கேட்டார்கள். 1978இல் அல்ல, 2025இல். கணவன் மணமுறிவு கோரி வழக்குப் போட்டிருக்கிறான், வழக்கு நடக்கிறது. மனைவி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறாள். கணவனின் கையெழுத்தை வாங்கி வா என்கிறது சென்னை பாஸ்போர்ட் அலுவலகம். தன்னை வேண்டாம் என்று நீதிமன்றம் போனவனிடம் போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டுமாம். அந்த ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கணவனின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை, திருமணத்தால் பெண் தன் தனித்தன்மையை இழந்துவிடுவதில்லை, இப்படிக் கேட்பது ஆணாதிக்கம் என்று சொல்லி, நான்கு வாரத்துக்குள் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், 2016 டிசம்பரிலேயே விதிகளைத் தளர்த்திவிட்டார்கள். கல்யாணச் சான்றிதழ் வேண்டாம். பிரிந்து வாழ்பவர், மணவிலக்குப் பெற்றவர் துணையின் பெயரைத் தர வேண்டாம். பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். சாமியார்களுக்கு இன்னும் தாராளம்: பெற்றோர் பெயருக்குப் பதில் குருவின் பெயரைக் கொடுக்கலாம். உலகைத் துறந்த ஆண், தான் யாருடையவன் என்பதைத் தானே தீர்மானிக்கலாம் என்று அரசு ஒப்புக்கொள்கிறது. வீட்டைத் துறக்க நேர்ந்த பெண்ணிடம் மட்டும் தீர்ப்பு நகல் கேட்கிறது. ஏனென்றால் ஏற்கெனவே அச்சான கணவன் பெயரை நீக்க மணவிலக்குத் தீர்ப்பு வேண்டும், அல்லது இறப்புச் சான்றிதழ் வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் போனவனுக்கு எந்த அலுவலகம் சான்றிதழ் தரும்? கடலோர ஊர்களில் அப்படிக் காத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பது எங்களுக்குத் தெரியும்.

படித்தவளின் பாடு இது. வேப்பலோடையிலும் முத்தையாபுரத்திலும் உப்பளத்தில் வேலைசெய்யும் பெண்ணுக்குப் பெயர்ச் சிக்கலுக்கு முன்பே இன்னொரு பூட்டு இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவளின் பாஸ்போர்ட்டில் இசிஆர் முத்திரை விழும். (சென்னைக்காரர்கள் சாலையை நினைக்க வேண்டாம், குடிபெயர்வு அனுமதி தேவை என்று பொருள்.) அந்த முத்திரையோடு வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக அவளுக்கு 30 வயது ஆக வேண்டும். ஆன பிறகும், சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு முகமைகள் வழியாகத்தான் போக முடியும். அதே முத்திரை உள்ள அவளுடைய தம்பிக்கு இந்த 30 வயதுக் கட்டுப்பாடு இல்லை.

பாதுகாப்புக்காக என்கிறார்கள். கொடுமை நடக்கிறது, உண்மை. கொடுமை செய்பவன் குவைத்தில் இருக்கிறான். பூட்டு தூத்துக்குடியில் தொங்குகிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? அவள் ஏஜென்ட் சொல்படி சுற்றுலா விசாவில் போகிறாள். எந்தப் பதிவிலும் இல்லாதவளாகப் போகிறாள். அடிபட்டால் தூதரகத்துக்கு அவள் வேலைக்கு வந்தவளே இல்லை.

தமிழ் படித்தவளுக்கு இது புதிதல்ல. பெண்ணோடு கடல் கடப்பது வழக்கமில்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் சொல்கிறது. அது விலக்கா, அன்றைய நடைமுறையைப் பதிந்ததா என்று உரையாசிரியர்கள் வழியாக நாம் இன்னும் விவாதிக்கிறோம். கொற்கை இங்கேதான் இருக்கிறது, எங்கள் மாவட்டத்தில். முத்து கப்பலேறிப் போன துறை. பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் பாஸ்போர்ட் வந்தபோது, கணவனின் புத்தகத்திலேயே மனைவிக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். அதை வைத்துக்கொண்டு அவள் தனியே போக முடியாது. இன்றைக்குத் தனிப் புத்தகம் கொடுத்துவிட்டார்கள், அதற்குள் அவனுக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டு.

இந்த நாட்டில் வாழ்வுரிமை என்ற சொல்லுக்கே அகலம் கொடுத்த வழக்கு ஒரு பெண்ணின் பாஸ்போர்ட்டைப் பற்றியது. 1977 ஜூலையில் மேனகா காந்தியிடம் ஏழு நாளில் ஒப்படைக்கச் சொன்னார்கள். காரணம் கேட்டபோது பொதுநலன் கருதி சொல்ல முடியாது என்றார்கள். 1978 ஜனவரி 25இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒரு பெண் எங்கே போகிறாள், ஏன் போகிறாள் என்ற கேள்வியில் தொடங்கிய தீர்ப்பு அது.

எனவே துணையின் பெயருக்கான கட்டத்தை விண்ணப்பத்திலிருந்தும் கடைசிப் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். இருபாலருக்கும்தான். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது என்று ஒரு கட்டம் போதும். அதில் அம்மா பெயரோ, தோழி பெயரோ, விருப்பப்பட்டால் கணவன் பெயரோ எழுதிக்கொள்கிறோம். 30 வயது விதியை நீக்கிவிட்டு, முதலாளியோடு போடும் ஒப்பந்தத்தைத் தூதரகம் கண்காணிக்கட்டும்.

அதுவரை, இந்த வருடம் புதுப்பிக்கப்போகும் மாணவிகளுக்கு: விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள், கடையில் கொடுக்காதீர்கள். பெயர், பட்டச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். போலீஸ் விசாரணைக்கு வருபவர் "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டால், விண்ணப்பதாரர் நான்தான் என்று சொல்லி உட்காரச் சொல்லுங்கள். 2025 தீர்ப்பின் நகல் ஒன்று கோப்பில் இருக்கட்டும். கவுண்டரில் யாராவது கையெழுத்துக் கேட்டால் நீட்டலாம்.