தோட்டத்துக் கோயில்களின் ஐம்பொன் மூர்த்திகள்

1936-ஆம் ஆண்டில், பேராக் மாநிலத்துப் பீடோரில், ஈயச் சுரங்கமொன்றின் மண்ணுக்குள்ளிருந்து எட்டுக் கரங்களுடைய அவலோகிதேசுவரரின் வெண்கலத் திருவுருவம் வெளிப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டதெனக் கருதப்படும் அம்மூர்த்தியின் உயரம் 79 சென்டிமீட்டர், எடை 63 கிலோ என்று அளந்தும் நிறுத்தும் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே மாநிலத்தில், பால்மரம் சீவிப் பெற்ற கூலியில் மிச்சம்பிடித்து நம் பாட்டன்மார் தமிழகத்திலிருந்து தருவித்த உற்சவமூர்த்திகளின் உயரமும் எடையும் எழுதிய ஏடு எத்தனை கோயில்களில் இருக்கிறது?

அவ்விக்கிரகங்கள் பிறக்கும் விதத்தை அறிந்தாலன்றி இக்கேள்வியின் கனம் விளங்காது. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் பரம்பரையாகக் கைக்கொண்டுவரும் முறைக்கு வடமொழியில் மதூச்சிஷ்ட விதானம் என்று பெயர். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெயிட்டு உருக்கி, தென்னையோலைக் கீற்றை மடித்துத் தாளப் பிரமாணம் கண்டு, விரல் நகமும் ஆபரணத்தின் மணியும் ஈறாக மூர்த்தியை மெழுகிலே சமைத்து, காவிரியின் வண்டலை அதன்மேல் மெல்லப் பூசி நிழலில் உலர்த்தி, கனத்த மண்ணும் இரும்புக் கம்பியும் சுற்றிச் சூடேற்றினால், மெழுகு உருகித் துவாரத்தின் வழியே ஒழுகிவிடும். அது விட்டுச்சென்ற இடத்தில், தாமிரமும் பித்தளையும் ஈயமும், அன்பர் காணிக்கையிட்ட பொன் வெள்ளியும் உருகிக் கலந்து நிறையும். ஆறிய பின் மண்ணை உடைத்தே மூர்த்தியை எடுக்க வேண்டும். ஜெட் விமான டர்பைனின் அலகுகளையும் இன்று இதே தத்துவத்தில்தான் வார்க்கிறார்கள் என்றாலும், அங்கே மெழுகுருவை உலோக அச்சில் ஒன்றுபோல் வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம். சுவாமிமலையில் மெழுகைப் பிடிப்பது ஸ்தபதியின் விரலாதலால், உடைந்த மண்ணோடு அம்மூர்த்தியின் மறுபிரதிக்குரிய வழியும் அடைபட்டுப்போகிறது.

தோட்டத் துண்டாடலிலும், பின்னர் ரப்பரை அகற்றிச் செம்பனை நட்ட காலத்திலும் லயன் வீடுகள் காலியாக, கோயில்கள் இடம்பெயர்ந்தன. சில மறைந்தே போயின. நான் பிறந்த தோட்டம் கைமாறியபோது, வள்ளி தெய்வயானையுடன் முருகனை லாரியில் ஏற்றியதைக் கண்ணாரக் கண்டவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். எங்கே இறக்கினார்கள் என்று சொல்லத்தான் ஒருவருமில்லை. ஒரு புகைப்படமாவது இருந்திருந்தால் தேடிப் போயிருப்போம். வேறொன்று வாங்கலாமே என்பவர்களுக்கு நான் சொல்வது இது: வாங்கலாம், அது அழகாகவும் இருக்கும், ஆயினும் என் பாட்டி கற்பூரம் காட்டி அழுதது அதன்முன் அன்று.

ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் உள்ள ஆலய நிர்வாகத்தாரைப் பணிந்து கேட்கிறேன்: இவ்வாண்டுத் திருவிழாவில் மூர்த்திக்குப் பட்டுச் சாத்துமுன், முன்னும் பின்னும் படமெடுங்கள்; நிறுத்து அளந்து எழுதுங்கள்; புளியிட்டுத் துலக்கித் துலக்கிப் பீடத்திலுள்ள உபயதாரர் பெயர் தேய்வதற்குள் அதைப் படியெடுங்கள்; எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதை, அங்கே வாழ்ந்த முதியோர் இருக்கும்போதே கேட்டுக் குறித்து, ஒரு பிரதியைக் கோயிலுக்கு வெளியேயும் பத்திரப்படுத்துங்கள். ஒரு தராசும் ஒரு கைபேசியும் ஒரு பிற்பகலும் இதற்குப் போதும்.