லினக்ஸுக்கு வந்தாச்சு... ஆனா எந்த சிப்புக்கு?

2001-ல் லினக்ஸைப் 'புற்றுநோய்' என்றார் மைக்ரோசாஃப்ட்டின் அன்றைய சி.இ.ஓ. ஸ்டீவ் பால்மர். அதே நிறுவனம் 2017-ல் தன் எஸ்.க்யூ.எல். சர்வரை லினக்ஸுக்கே கொண்டுவந்தது. 'அப்போ பிரச்னை முடிஞ்சுதே'னு தோணலாம். பாதிதான் முடிந்தது.

ஏன்? ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு, பிராசஸர் வேறு. இன்டெல், ஏ.எம்.டி. சர்வர் சிப்களுக்குப் புரிவது எக்ஸ்86 கட்டளைகள். நம் போனில் இருப்பதோ ஏ.ஆர்.எம். ஒன்றுக்காக கம்பைல் செய்த மென்பொருள் இன்னொன்றில் நேரடியாக ஓடாது. லினக்ஸுக்கு வந்த எஸ்.க்யூ.எல். சர்வரும் எக்ஸ்86-க்கு மட்டும்தான்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சோர்ஸ் கோடு திறந்திருப்பதால், டெபியன் போன்ற லினக்ஸ் குழுக்களே அதைப் பல சிப்களுக்கும் கம்பைல் செய்து தருகின்றன. வணிக மென்பொருளில் அந்தச் சாவி விற்பவர் கையில்.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒவ்வொரு சிப்புக்கும் தனி டெஸ்டிங், தனி சப்போர்ட். எல்லாமே செலவு. ஆனால், அமேசான் 2018-லேயே கிராவிட்டான் என்ற ஏ.ஆர்.எம். சிப்பை கிளவுடுக்குக் கொண்டுவந்துவிட்டது. நாளை உங்க ஆபீஸ் செலவைக் குறைக்க அந்தப் பக்கம் போக நினைத்தால், டேட்டாபேஸ் மட்டும் 'நான் வரலை' என்று நிற்கும்.

அதனால், லைசென்ஸ் வாங்கும்போது 'லினக்ஸ்ல ஓடுமா?' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'எந்தெந்த பிராசஸர்ல ஓடும்?' என்றும் கேளுங்கள். பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.