வாளும் கணக்கேடும்

கடற்கொள்ளைக்காரி என்ற சொல்லைக் கேட்ட அளவிலே, கையில் வாளும் கண்ணில் கனலும் கொண்டு பாய்மரத்தின் அடியில் நிற்கும் ஒரு நங்கையின் உருவமே பலர் மனக்கண்முன் தோன்றும். அவ்வுருவம் கதையாசிரியர் தீட்டியது. வரலாறு காட்டும் உருவம் வேறு. அது கதையினும் வியப்புடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனக் கடலைக் கலக்கிய பெண்மணி செங் யி சாவ் என்பார். செங் யி என்பது கணவன் பெயர். சாவ் என்னும் சீனச் சொல், தமிழில் அண்ணி என்பதற்கு நிகர். உறவுப்பெயராலேயே உலகம் அவரை அறிந்தது. 1801-ஆம் ஆண்டில் அவர் கொள்ளைத் தலைவனாகிய செங் யியை மணந்தார். 1805-இல் பல கொள்ளைக் கூட்டங்கள் உடன்படிக்கை எழுதிக்கொண்டு ஒன்றுபட்டன. 1807-இல் செங் யி இறந்தான். தலைவனை இழந்த கூட்டம் சிதறுண்டு போவதே இயல்பு. ஆயினும் அது சிதறவில்லை. கணவனின் சுற்றத்தாரைத் தம்பால் ஈர்த்து, சாங் பாவ் என்னும் இளைஞனைத் தளபதியாக்கி, ஆட்சியைத் தாமே ஏற்றார் அப்பெண்மணி.

அவ்வாட்சி வாளினால் மட்டும் நடந்ததா? அன்று. கவர்ந்த பொருள் அனைத்தும் முதலில் கணக்கேட்டில் பதியப்பெறல் வேண்டும். பத்தில் இரண்டு பங்கு கவர்ந்தவர்க்கு, எஞ்சிய எட்டும் பொதுக் கருவூலத்திற்கு என்பது அப்படையின் விதி. கரையோரச் சிற்றூரார் தரும் அரிசிக்கு விலை கொடாதவன் உயிரிழப்பான். உப்பு வணிகர் பணம் செலுத்திக் கைச்சீட்டுப் பெற்றால், அவர்தம் மரக்கலம் இடையூறின்றிச் செல்லும். சீன அரசின் கடற்படை இவர்களிடம் பன்முறை தோல்வியுற்றது.

1810-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், படைக்கலம் ஏந்தாமல், பெண்டிரும் சிறுவரும் உடன்வர, அவர் கான்டன் மாநகர் சென்று அரசப் பேராளரைக் கண்டு பேசினார். பதினேழாயிரத்திற்கும் மேற்பட்டோர் 226 கப்பல்களுடன் அடங்கினர். அவருள் பெரும்பாலோர் மன்னிப்புப் பெற்றனர்.

இனிக் கதையைக் காண்போம். அர்செந்தீன நாட்டு எழுத்தாளர் போர்ஹெஸ், 1935-இல் வெளிவந்த தம் நூலில் இப்பெண்மணியைப் பாத்திரமாக்கினார். அக்கதையில், அரசக் கப்பல்களினின்று மாலைதோறும் பறக்கும் நாகப் பட்டங்களைக் கண்டு மனம் மாறி அவள் பணிகின்றாள். காட்சி அழகியதே. ஆயினும் உண்மையில் அவர் பட்டங்களைக் கண்டு பணிந்தாரல்லர். காலமும் வலிமையும் ஆராய்ந்து, பேசி, வேண்டுவன பெற்ற பின்னரே அடங்கினார். கதை அவருக்கு அழகை அளித்தது, அறிவைப் பறித்துக்கொண்டது.

இவ்வாறு கூறுவது கொள்ளையைப் போற்றுவதாகாது. அப்படையினர் ஊர்களை எரித்தனர். மக்களைச் சிறைப்பிடித்துப் பொருள் பறித்தனர். அக்கொடுமையை எந்தத் திறமையும் மறைக்காது. ஆனால் மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். அந்நாளைய சீனத்தில் அரசுத் தேர்வு எழுதவோ, பதவி வகிக்கவோ பெண்டிர்க்கு வழியில்லை. அவருடைய ஆணைவழி நடந்த சாங் பாவுக்கு அரசு கடற்படைப் பதவி ஈந்தது. ஆணையிட்டவர்க்கு ஈய அவ்வரசிடம் பதவி ஒன்றும் இல்லை. சாங் பாவை மணந்திருந்த அவர், மீண்டும் ஒருவரின் மனைவி என்னும் பெயரோடே எஞ்சினார், 1844-இல் மறைந்தார்.

ஆற்றலுக்கு நல்வழியை அடைத்துவிட்ட நாடு, அது தீயவழியிற் பாய்ந்தபோது மட்டும் அதனைக் கண்டு நடுங்கியது. கடற்கொள்ளைக்காரியின் வாளைக் கண்டு வியக்கும் மாணவர், அவருடைய கணக்கேட்டையும் சிறிது புரட்டிப் பார்ப்பாராக.