முதல் நாள் அளவு

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் டீ குடிக்கும் தெருவில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் மோல்டிங் ஷெட்டுகள், எதிரே ஒரு டேட்டா சென்டர். அதற்குள் மின் சிக்னலை ஒளியாக ஃபைபரில் ஏற்றிவிட மாடுலேட்டர் வேண்டும். வோல்டேஜ் கொடுத்தால் ஒளிவிலகல் எண் மாறுகிற பொருள்தான் அதில் வேலை செய்வது. லித்தியம் நையோபேட் படிகத்தின் திறன் வோல்ட்டுக்கு சுமார் 30 பிக்கோமீட்டர். நல்ல பாலிமர்கள் 100-ஐத் தாண்டிவிட்டன. பிறகு ஏன் எல்லா இடத்திலும் பாலிமர் இல்லை? நிலைத்து நிற்பதுதான் அதற்குக் கஷ்டம்.

பாலியெஸ்டர் துணிக்குப் போடும் டிஸ்பர்ஸ் ரெட் 1 சாயத்தைக் கடை போர்டு அக்ரிலிக்கில் கலந்துதான் 1980களில் இந்தத் துறை பாலபாடம் படித்தது. 100 டிகிரி பக்கம் சூடாக்கி இளக வைத்து, மின்புலத்தால் சாய மூலக்கூறுகளை ஒரே திசைக்குத் திருப்பி, புலத்தை எடுக்காமலே ஆறவிட வேண்டும். வாத்தியார் நகர்ந்ததும் கலைகிற பிரேயர் வரிசை மாதிரி, அந்த ஒழுங்கு நாளாக நாளாகக் கலையும். மூலக்கூறைப் பாலிமர் சங்கிலியோடு பிணைப்பது, சங்கிலிகளைக் குறுக்கே கட்டுவது, இளகும் வெப்பநிலையை உயர்த்துவது என்று அதன்பின் நடந்த உழைப்பில் பெரும்பங்கு இந்தக் கலைதலுக்கு எதிராகத்தான்.

நாம் என்ன செய்தோம்? அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம் நிஜமான சாதனை. சங்கரநாராயணனும் ராமசாமியும் 2005-ல் வெளியிட்ட ஒருதிசை வளர்ப்பு முறையை வெளிநாட்டிலும் அறிவார்கள். ஆனால் ஊருக்கு ஊர் கல்லூரிகள் எடுத்துக்கொண்டது வேறொன்றை: ஒரு அமினோ அமிலம், ஒரு உப்பு, ஒரு பீக்கர், ஒரு பேப்பர். படிகத்தைத் தூளாக்கி லேசர் அடித்து, 'கே.டி.பி-யைவிட இத்தனை மடங்கு' என்று எழுதிவிடுவது. கர்ட்ஸும் பெர்ரியும் 1968-ல் அந்தத் தூள் சோதனையைத் தந்தது முதற்கட்ட வடிகட்டலுக்கு. நாம் அதையே முடிவுரை ஆக்கினோம். இப்படி வந்த 'புதிய' படிகங்கள் பல, பழைய கிளைசின் போன்றவையே என்று கோவா பல்கலைக்கழகத்தின் பி.ஆர். ஸ்ரீநிவாசன் திரும்பத் திரும்ப எழுதினார். யார் காதில் விழுந்தது?

என் நண்பன் ஒருவன் இப்படி ஐந்து வருஷம் பீக்கர் கழுவி டாக்டர் ஆனான். இப்போது நைட் ஷிஃப்டில் சப்போர்ட் வேலை. அவன் சோம்பேறி இல்லை. அவனிடம் கேட்கப்பட்டது எண்ணிக்கை மட்டும்தான்.

'வசதி இல்லைங்க' என்பார்கள். இந்தத் திறனை அளக்க ஒரு லேசர், போலரைசர்கள், டிடெக்டர், லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் போதும். நிலைப்பைப் பார்க்க 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம். அதாவது 42 நாள். வாகன உதிரி பாகம் செய்கிற பேட்டையில் அப்படியொரு பெட்டி கிடைக்காதா? கிடைக்காதது பொறுமை. 42 நாள் காத்திருந்து 'பாதி போச்சு' என்று எழுதுகிறவனுக்கு இங்கே மார்க் கிடையாது.

டெமோவில் ஓடியதை ரிலீஸ் என்று சொன்னால் என் டீம் சிரிக்கும். ஆராய்ச்சியில் மட்டும் அதற்கு ஏன் பட்டம்? அடுத்த முறை யாராவது 'புதிய மெட்டீரியல்' என்றால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நாற்பத்திரண்டாம் நாள் அளவு எவ்வளவு?