அழுதா விசுவாசம் குறைஞ்சிடுமா?

"அழாதீங்க, பரலோகத்துக்குத்தான போயிருக்காங்க, சந்தோஷமா அனுப்பி வைங்க."

கிறிஸ்தவ வீட்டு சாவுக்குப் போனவங்க இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. கேட்கிறப்போ பக்தியாத்தான் தெரியும். என்னைக் கேட்டா, வேதத்துக்கு இதைவிட விரோதமான பேச்சு கிடையாது. பாஸ்டர்மார் யாராவது படிச்சா, கோவப்படாம கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டுங்க :-)

முதல்ல பவுல். இவங்க கையில எடுக்குற பெரிய ஆயுதம் தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபம், நாலாம் அதிகாரம். "துக்கப்படக் கூடாதுன்னு பவுலே சொல்லிட்டாரே"ம்பாங்க. பாதி வாக்கியத்தை வாசிச்சா அப்படித்தான் தெரியும். மீதியையும் வாசிங்க சாமி. நம்பிக்கையே இல்லாதவங்க துக்கப்படுற மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் அங்க இருக்கு. துக்கமே ஆகாதுன்னு இல்லை.

அடுத்தது பிலிப்பியர். சந்தோஷத்துக்குன்னே எழுதின நிருபம்னு எல்லாரும் கொண்டாடுவாங்க. அதுல ரெண்டாம் அதிகாரத்தைப் பாருங்க. எப்பாப்பிரோதீத்துன்னு ஒரு தோழன், வியாதியில சாகக் கிடந்து பிழைச்சவன். அவன் போயிருந்தா தனக்குத் துக்கத்து மேல துக்கம் ஆகியிருக்கும்னு பவுல் வெளிப்படையா எழுதறார். ஜெயில்ல இருந்துக்கிட்டு சந்தோஷத்தைப் பத்தி எழுதின அதே மனுஷன்! அவருக்கு விசுவாசம் பத்தலையா?

இப்ப இயேசு. யோவான் 11. லாசரு செத்து நாலு நாள் ஆச்சு. அவனை எழுப்பப் போறோம்னு தெரிஞ்சேதான் பெத்தானியாவுக்கு வர்றார். இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாம் சரியாகப் போகுது. ஆனா மரியாள் அழுறதைப் பார்த்து அவரும் அழுதார். "எதுக்கும்மா அழுகை, இதோ ஒரு பாட்டுப் பாடுவோம்"னு மைக் பிடிக்கலை.

"நாயீன் ஊர் விதவையை அழாதேன்னு சொன்னாரே?" - கேட்பீங்கன்னு தெரியும். சொன்னார். சொல்லிட்டு பாடையைத் தொட்டு, செத்த பையனை உயிரோட எழுப்பி அம்மா கையில கொடுத்தார். ஐயா, நீங்களும் முதல்ல பையனை எழுப்பிக் கொடுங்க. நாங்க ஏன் அழப் போறோம்?

வருஷா வருஷம் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் வாக்குத்தத்த அட்டை தருவாங்க. அதுல 88ஆம் சங்கீதம் வந்து யாராவது பார்த்திருக்கீங்களா? ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் இருட்டு. கடைசி வரியிலகூட விடியாது. ஆனாலும் அது ஜெபம்தான், கடவுளைப் பார்த்துப் பேசினதுதான். புலம்பல்னு பேர் வச்சே அஞ்சு அதிகாரத்துக்கு ஒரு புத்தகம் இருக்கு. இதையெல்லாம் மறைச்சிட்டு அட்டையில ஆசீர்வாதத்தை மட்டும் அச்சடிக்கிறது, எர்ரர் மெசேஜை மட்டும் மறைச்சிட்டு புரோகிராம் சரியா ஓடுதுன்னு சொல்ற மாதிரி.

இந்தக் கட்டாயச் சிரிப்பு நம்ம ஊர்ச் சரக்கும் இல்லை. மதுரை கீழவெளி வீதியில இருக்குற மரியன்னை பேராலயம் யார் பேர்ல இருக்கு? வியாகுல மாதா, அதாவது மகனைப் பறிகொடுத்துட்டு அழுற தாய். கோவாவிலேர்ந்து 1705ல இலங்கைக்குப் போன யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி தமிழ்ல வியாகுலப் பிரசங்கம் எழுதினார். தவக்காலத்துல அதை ஒப்பாரி மாதிரி இழுத்து வாசிக்கிற வழக்கம் அங்க உண்டு. துக்கத்துக்குன்னு காலமும் ராகமும் ஒதுக்கி வச்ச சபை அது.

பரட்டைன்னு தனக்குத்தானே பேர் வச்சுக்கிட்ட தியோஃபிலஸ் அப்பாவு (1940-2005) ஐயாவையும் சொல்லணும். அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில பாடம் நடத்தினவர். கிராமிய இசையிலேயே ஒரு முழு வழிபாட்டு முறையை உண்டாக்கினார். பறையைக் கோயிலுக்குள்ள கொண்டு வந்தா நம்ம ஆளுங்க சொல்ற முதல் ஆட்சேபணை என்ன? "அது சாவு மேளம்." அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்குற சாதியைத் தனியா விளக்க வேண்டாம். ஆனா ஒண்ணு பாருங்க. சாவுக்கு அடிக்கிற அதே பறைதான் திருவிழாவுக்கும் அடிக்குது. அடி மட்டும்தான் மாறும், தோல் ஒண்ணுதான். அழத் தெரிஞ்ச மேளத்துக்குத்தான் ஆடவும் தெரியும். சேரியில இருக்குற சனத்துக்குத் தெரிஞ்ச இந்த இறையியல், கீபோர்டு வச்ச ஏசி ஹாலுக்கு இன்னும் வந்து சேரலை.

இது வெறும் வசனச் சண்டை இல்லைங்க. மேலூர் பக்கம் ஒரு கிராமத்துல என் நண்பனோட அப்பா தவறிட்டார். அவங்கம்மா பெட்டி பக்கத்துல உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நாத்து நட்டது, மழையில்லாத வருஷம் கூலிக்குப் போனது, பிள்ளையைப் படிக்க வச்சதுன்னு நாப்பது வருஷக் குடும்பம் முழுக்க அந்தப் பாட்டுல இருந்துச்சு. மைக்ல குரல் வந்துச்சு: "விசுவாசிங்க இப்படி அழலாமா?" முந்தானையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சுப் போனப்போ அவங்க சர்ச்சுக்கே போறதில்லை. "அங்க சிரிச்ச முகமா இருக்கணும் தம்பி, எனக்கு வரலை"ன்னாங்க. அந்த அம்மா கடவுளை விடலை. அழ இடமில்லாத இடத்தை விட்டாங்க, அவ்வளவுதான்.

சந்தோஷம் வேண்டாம்னு நான் சொல்லலை. உயிர்த்தெழுதல்னு ஒண்ணு இருக்குன்னு நம்புறவன்தான் நானும். ஆனா உயிர்த்தெழுந்தவர் கையில ஆணித் தழும்பு அப்படியே இருந்துச்சு. தோமாவுக்கு அதைத்தான் காட்டினார். காயத்தை மறைக்கிற சந்தோஷத்தை அவர் எங்கேயும் கேட்கலை.

ஆகவே ஐயாமார்களே, அடக்க ஆராதனையில பாட்டு இருக்கட்டும், பிரசங்கமும் இருக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒரு அரைமணி நேரம் மைக்கை அணைச்சு வைங்க. ரோமர் 12ல பவுல் சொன்னபடி, அழுறவங்களோட உட்கார்ந்து நீங்களும் கொஞ்சம் அழுங்க. பரலோகம் எங்கேயும் ஓடிடாது.